நம் ஊர் வெயிலில் ஒரு கிரெனாஷ் பாட்டில்

வாசகர் கேள்வி பதில்

60 வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கிற, கிரெனாஷ் என்ற திராட்சையில் செய்த சிவப்பு ஒயின்களைக் குடித்துப் பார்த்து மார்க் போட்டு எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் நிறைய கடிதங்கள் வந்தன. நானும் இந்த ஊர்தான், ஈப்போ ஹோட்டல் ஒன்றில் 16 வருஷம் மதுக்கூடத்தில் வேலை பார்த்தவன். அதனால் இந்த மாதம் நம் ஊர்க் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, நாங்கள் நாலு பேரும் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஈப்போ பேரங்காடியில் ஒரு பாட்டிலும் ஊர் மளிகைக்கடையில் இரண்டும் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டு முன்கூரைக்கடியில் உட்கார்ந்து ருசி பார்த்தோம். மூன்றும் ஒரே மாதிரி, காய்ச்சின ஜாம் வாசம், தொண்டை எரிச்சல். ஒரு பாட்டில் கழுத்தில் 90 மார்க் என்று ஒட்டியிருந்தது, நாங்கள் 50 கூடக் கொடுக்கவில்லை. யார் சொல்வது சரி?

பதில்: அண்ணே, இரண்டு பேருமே சரி, ஆனால் இரண்டு பேரும் குடித்தது ஒரே ஒயின் இல்லை. மார்க் போட்டவர் குளிர்ந்த அறையில், ஏறக்குறைய 16, 17 டிகிரியில் அதைச் சுவைத்திருப்பார். நீங்கள் மத்தியான வெயிலில், 32 டிகிரியில் குடித்திருக்கிறீர்கள். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று எங்கேயோ படித்துவிட்டு நம் ஆட்கள் பாட்டிலை அப்படியே மேசையில் வைக்கிறார்கள். அந்தப் பேச்சு பிறந்தது பிரான்சின் பழைய கல்வீடுகளில், அங்கே அறை வெப்பம் என்றால் 16லிருந்து 18 டிகிரி. நம் வீட்டு அறைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மற்ற திராட்சையை விட கிரெனாஷுக்கு இது அதிகமாக ஒத்துக்கொள்ளாது. தோல் மெல்லிசு, பழுக்க நாள் பிடிக்கும், வெயிலில் தொங்கித் தொங்கிச் சர்க்கரை ஏறும், அந்தச் சர்க்கரை அத்தனையும் புளிக்கும்போது சாராயச் சத்தாக மாறுவதால் பாட்டிலில் 14, 14.5, சில நேரம் 15 சதவீதம் என்று போட்டிருக்கும். புளிப்பும் துவர்ப்பும் குறைவு என்பதால் அந்தக் காரத்தை மறைக்க உள்ளே வேறு ஒன்றும் இல்லை. சூடாக இருந்தால் முதலில் மூக்கில் ஏறுவது அந்த ஆவிதான், பழ வாசம் அதற்குப் பின்னால் மறைந்துவிடும். நீங்கள் ஜாம் என்றும் எரிச்சல் என்றும் எழுதியிருப்பது அதைத்தான்.

அடுத்த பாட்டிலை ஒரு வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் ஊற்றி 15 நிமிஷம் முக்கி வையுங்கள், இல்லையென்றால் ஐஸ் பெட்டியில் (ஃபிரிட்ஜில்) ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கிளாஸில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், நம் ஊரில் கிளாஸுக்குள்ளேயே பத்து நிமிஷத்தில் சூடேறிவிடும். அப்போதுதான் உண்மையான கிரெனாஷ் தெரியும்: கேமரன் மலை ஸ்ட்ராபெரியின் வாசம், ராஸ்பெரி, சரவாக் வெள்ளை மிளகை இடித்த மாதிரி ஒரு சுறுசுறுப்பு, கடைசியில் அதிமதுரத்தை மென்ற மாதிரி ஓர் இனிப்பு. நிறம் வெளிறியிருந்தால் தண்ணி கலந்ததோ என்று சந்தேகப்படாதீர்கள். மெல்லிய தோலில் அவ்வளவு சாயம்தான் இருக்கும்.

அப்புறம் இன்னொன்று, இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. உங்கள் மூன்று பாட்டிலில் இரண்டு ஊர்க் கடையில் வாங்கியது. தகரக் கூரைக்குக் கீழே மேல் தட்டில் மாதக்கணக்காக நிற்கிற பாட்டில் வாங்கும் முன்பே வெந்துவிடும். போன வருஷம் ஒரே ஒயினை, ஒரே வருஷத்து அறுவடையை, குளிர்சாதனம் போட்ட கடையில் ஒன்றும் தகரக் கூரைக் கடையில் ஒன்றுமாக வாங்கி, நாளிதழில் சுற்றி, ஆறு நண்பர்களுக்கு ஊற்றினேன். குளிர்சாதனக் கடைப் பாட்டிலுக்கு 20க்குச் சராசரியாக 15 வந்தது, தகரக் கூரைக் கடைப் பாட்டிலுக்கு 8. ஒரே ஒயின் என்று சொன்னபோது அவர்கள் நம்பவில்லை, காகிதத்தைப் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. விலை குறைந்த கிரெனாஷுக்கு நாம் போடும் மார்க்கில் பாதி கடைக்குப் போகிறது என்று நான் சொல்வது அன்றிலிருந்துதான். வாங்கும்போது பாட்டிலைக் கையில் எடுத்துப் பாருங்கள். கார்க் மேலே தள்ளியிருந்தாலோ, மூடித் தாளுக்கடியில் பிசுபிசுவென்று கசிந்திருந்தாலோ, ஒயின் கழுத்துக்குக் கீழே இறங்கியிருந்தாலோ வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கடை முதலாளி தவுக்கேயிடம் அட்டைப் பெட்டியைத் திறக்காத பாட்டில் உள்ளே இருக்கிறதா என்று கேட்கலாம், தப்பில்லை.

கேள்வி: பாட்டிலில் கிரெனாஷ் என்ற பெயரே இல்லை. எதைப் பார்த்து வாங்குவது? 60 வெள்ளி கொடுப்பதற்கும் 35 வெள்ளி கொடுப்பதற்கும் என்ன வித்தியாசம்?

பதில்: பிரான்சில் பெரும்பாலும் ஊர்ப் பெயரைத்தான் போடுவார்கள். கோத் து ரோன், வாந்து, ரஸ்தோ, வாக்கேராஸ், ஜிகொந்தாஸ் என்று தெற்கு ரோன் பள்ளத்தாக்குப் பெயர்கள் இருந்தால் சிவப்பில் பொதுவாக கிரெனாஷ்தான் முக்கியம், கூடவே சிரா, மூர்வேத்ர் என்ற திராட்சைகள் கலந்திருக்கும். ஸ்பெயினில் இதே திராட்சைக்கு கார்னாச்சா என்று பெயர், இத்தாலியின் சார்டீனியா தீவில் கனோனாவ். ஆஸ்திரேலியாவில் ஜி எஸ் எம் என்று மூன்று எழுத்து போட்டிருந்தால் கிரெனாஷ், சிராஸ், மூர்வேத்ர். சேவலும் கோழியும் படம் போட்ட லா வியெய் ஃபெர்ம் சிவப்பிலும் கிரெனாஷ் இருக்கிறது, பழகுவதற்கு நல்ல பாட்டில். ஆனால் கொடுக்கும் காசுக்கு நிறைய ருசி வேண்டுமென்றால் நான் கை காட்டுவது ஸ்பெயினின் அரகோன் பக்கத்து காம்போ தெ போர்ஹா, கலாத்தாயூத் இரண்டும்தான்.

விலைக் கணக்கு எளிது. 2016 மார்ச்சில் நம் நாட்டில் மது வரியை மாற்றியபோது ஒயினில் உள்ள சுத்தச் சாராயச் சத்துக்கு லிட்டருக்கு 150 வெள்ளி என்று வைத்தார்கள். அந்த 2016 வரியை வைத்துக் கணக்குப் போட்டால், 750 மில்லி பாட்டில், 14.5 சதவீதம் என்றால் 16 வெள்ளி 30 காசுக்குக் கொஞ்சம் மேலே வரிக்கே போனது. மட்டமான ஒயினானாலும் நல்ல ஒயினானாலும் சதவீதம் ஒன்று என்றால் வரியும் ஒன்றுதான். கப்பல், கடை லாபம், பாட்டில், கார்க் எல்லாம் போனால் 35 வெள்ளி பாட்டிலில் ஒயினுக்கென்று மிஞ்சுவது மிகக் கொஞ்சம். அதனால் மாதம் இரண்டு 35 வெள்ளி பாட்டில் வாங்குவதை விட ஒரு 60 வெள்ளி பாட்டில் வாங்குங்கள் என்பேன்.

கேள்வி: 'பழைய கொடி' என்று பாட்டிலில் போட்டிருந்தால் கூடுதல் விலை கொடுக்கலாமா? நான் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவள். எங்கள் தோட்டத்தில் 30 வருஷ மரத்தைச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். கொடி மட்டும் எப்படிக் கிழடானால் மதிப்பு கூடும்?

பதில்: அம்மா, இந்த மாதம் வந்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி உங்களுடையது. பால் மரத்தில் வேண்டியது அளவு. பால் குறைந்தால் முதலாளிக்கு நட்டம், மரம் போய்விடும். திராட்சைக் கொடிக்கும் வயதாக ஆகக் காய்ப்பு குறையும், ஆனால் மிஞ்சுகிற கொஞ்சக் குலைகளில் ருசி கெட்டியாக இறங்கும், அளவை விட ருசிக்குக் காசு கொடுக்கிற ஆள் இருந்தால் அந்தக் கொடி பிழைக்கும். கிரெனாஷ் இதற்கு வாகான இனம். கம்பி, பந்தல் ஒன்றும் வேண்டாம், தரையை ஒட்டிப் புதர் மாதிரி நிற்கும், தண்டு முரட்டுத் தண்டு, தெற்கு ரோனில் வடக்கிலிருந்து அடிக்கிற மிஸ்திரால் காற்றையே தாங்கும், வறட்சியிலும் சாகாது.

ஆனால் அங்கேயும் உங்கள் தோட்டத்தில் நடந்த மாதிரியே நடந்தது. 1980களில் தெற்கு ஆஸ்திரேலியாவில் திராட்சை தேவைக்கு மேல் விளைந்து விலை படுத்துவிட்டபோது, கொடியைப் பிடுங்கிப் போட்டால் காசு தருகிறோம் என்று அரசாங்கமே திட்டம் கொண்டுவந்தது. வயதான கிரெனாஷ் கொடிகள் அதில் நிறையப் போய்விட்டன. ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் கொடிகளை அழித்தபோது தெற்கு ஆஸ்திரேலியாவைத் தொடவில்லை, அதனால் அங்கே பரோசா என்ற பகுதியில் 1840களில் நட்ட கிரெனாஷ் இன்றைக்கும் காய்க்கிறது. பூச்சியிடம் தப்பிய கொடியை மனிதர்கள் காசு கொடுத்துப் பிடுங்கியதை நினைத்தால், தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்துக்குப் பக்கத்தில் நின்ற பால் மரங்களை ஒரே வாரத்தில் சாய்த்துவிட்டுச் செம்பனைக் கன்று வைத்ததைப் பார்த்த நமக்கு அந்த விவசாயிகளின் மனசு புரியும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிரான்சில் பழைய கொடி என்று போட இத்தனை வயது இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை, அதனால் அந்த வார்த்தைக்காக மட்டும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். நட்ட வருஷத்தைப் பின்பக்கச் சீட்டில் எழுதியிருந்தால் ஐந்தோ பத்தோ கூடக் கொடுக்கலாம்.

கேள்வி: மார்க் எப்படிப் போடுவது? 100க்கா, 20க்கா?

பதில்: 100 மார்க் முறையை உலகம் முழுக்கப் பரப்பியவர் அமெரிக்காவின் ஒயின் விமர்சகர் ராபர்ட் பார்க்கர். அவர் முறையில் கணக்கு 50லிருந்துதான் ஆரம்பம், ஆகவே 80 என்றால் நம் பள்ளிக்கூடத்து 80 இல்லை. நாங்கள் 20க்குப் போடுகிறோம். பாட்டிலைக் காகிதத்தில் சுற்றி எண் எழுதி, யாரும் வாய் திறக்காமல் எழுதி முடித்த பிறகுதான் பேச்சு. விலை தெரிந்த பாட்டிலை நாக்கு நியாயமாகப் பார்க்காது. வாசத்துக்கு 5, வாயில் இருக்கும்போது 5, விழுங்கின பிறகு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதற்கு 4. மிச்சம் 6 சாப்பாட்டோடு. எரிந்தால் அந்த 6இல் தாராளமாகக் குறையுங்கள்.

சாப்பாட்டுக்கு 6 கொடுப்பது அதிகம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். நான் குறைக்க மாட்டேன். ஒயினுக்கு மார்க் போடுவதே தொழிலாக உள்ளவர்கள் ஒரே காலையில் பல பாட்டிலைச் சாப்பாடில்லாமல் சுவைத்துத் துப்புகிறார்கள், நாம் ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு குடிக்கிறோம். மிளகாய்க் காரம் சாராயக் காரத்தைத் தூக்கிவிடும், துவர்ப்பையும் முரடாக்கும். கிரெனாஷில் துவர்ப்பு குறைவு என்பதால் அந்தப் பக்கம் பிரச்சினை இல்லை, 15 சதவீதம் என்றால் மட்டும் காரச் சாப்பாட்டுக்கு ஆகாது. 13.5 அல்லது 14 போட்ட கோத் து ரோனைக் குளிர வைத்து, மிளகு தூக்கலாகவும் மிளகாய் குறைவாகவும் சமைத்த பிரட்டலோடு ஒருமுறை வைத்துப் பாருங்கள். ஒயினில் இருக்கிற மிளகு வாசமும் கறியில் இருக்கிற மிளகும் கை கோர்த்துக்கொள்ளும். சம்பலோடு வேண்டாம்.

கேள்வி: என் வீட்டுக்காரர் சிவப்பு ஒயின் ரத்தத்துக்கு நல்லது என்று உங்கள் பக்கத்தைக் காட்டி வாங்குகிறார். நீங்களே பதில் சொல்லுங்கள்.

பதில்: தங்கச்சி, நான் அப்படி எழுதியதே இல்லை, இனியும் எழுத மாட்டேன். எந்த அளவு மதுவும் உடம்புக்குப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரு 14.5 சதவீத பாட்டிலில் ஏறக்குறைய 86 கிராம் சாராயச் சத்து இருக்கிறது. நாலு பேர் ஒரு பாட்டில் என்பது எங்கள் கணக்கு, சாப்பாட்டோடு, மாதம் ஒரு முறை. தோட்டத்தில் சம்சு என்கிற மலிவுச் சாராயம் எத்தனை வீட்டைக் கவிழ்த்தது என்று பார்த்து வளர்ந்தவன் நான், என் பக்கம் அதற்கு ஒரு சாக்காக ஆகக்கூடாது. ஓட்டுகிறவர் குடிக்கவே கூடாது, 2020இல் சட்டத்தைத் திருத்தி 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் என்ற வரம்பை 50ஆகக் குறைத்துவிட்டார்கள். இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுத்து இந்தப் பதிலை வாசிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: திருகு மூடி போட்டது மட்டமா?

பதில்: இல்லை. நம் வெயிலில் எனக்கு அதுதான் பிடிக்கும்.

கேள்வி: மிச்சமான ஒயின் எத்தனை நாள் தாங்கும்? தீபாவளிக்குக் கறியில் ஊற்றலாமா?

பதில்: கிரெனாஷுக்குக் காற்று பட்டால் சீக்கிரம் வாசம் போய்விடும். சின்ன பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி மூடி ஐஸ் பெட்டியில் வைத்தால் இரண்டு நாள். மூன்றாம் நாள் தாராளமாகப் பிரட்டலில் ஊற்றலாம், ஒரு கிலோ ஆட்டிறைச்சிக்கு அரை கிளாஸ், தக்காளியைப் பாதியாகக் குறைத்து, வெங்காயம் வதங்கியதும் ஊற்றிச் சுண்ட விடுங்கள். ஆனால் தீபாவளியன்று எல்லாரையும் வீட்டுக்கு அழைக்கிற திறந்த இல்லத்துக்கு மலாய் முஸ்லிம் நண்பர்கள் வருவார்கள் என்றால் அன்றைக்கு எந்தச் சட்டியிலும் ஊற்றாதீர்கள், மறுநாள் வீட்டு ஆட்களுக்கு மட்டும் சமைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.