வாரண்டி இருக்கும்போது எஞ்சினில் கை வைக்கலாமா?

டியூனிங் பற்றி வரும் கேள்விகளில் பாதி வாரண்டியைப் பற்றியதுதான். அதனால் இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

டர்போ பெட்ரோல் கார், வாங்கி ஒரு வருடம். ரீமேப் செய்தால், அதாவது எஞ்சினை நடத்தும் மென்பொருளை மாற்றி எழுதினால், வாரண்டி மொத்தமாகப் போய்விடுமா?

மொத்தமாகப் போகாது, ஆனால் போகிற பகுதிதான் செலவு பிடிக்கிற பகுதி. ஜன்னல் கண்ணாடி மோட்டார் நின்றுபோனால் அதை ரீமேப்போடு யாராலும் முடிச்சுப் போட முடியாது. அமெரிக்காவில் 1975-இல் வந்த மேக்னசன்-மாஸ் சட்டத்தின் சாரமும் இதுதான்: வெளிப் பாகம் போட்டதையே சாக்காக வைத்து வாரண்டியை மறுக்கக்கூடாது, பழுதுக்கு அதுதான் காரணம் என்று கம்பெனி காட்ட வேண்டும். சரி, டர்போவோ பிஸ்டனோ கிளட்சோ போனால்? காட்டுவது அவர்களுக்கு ரொம்பச் சுலபம். ரீமேப் என்பதே டர்போ தரும் காற்றழுத்தத்தையும் எரிபொருளையும் கூட்டி, ஸ்பார்க் நேரத்தை மாற்றி டார்க்கை, அதாவது சுழற்றும் விசையை, ஏற்றுவதுதான், அந்தக் கூடுதல் டார்க் கிளட்ச், கியர்பாக்ஸ் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. நான் ஒரு காரில் ரீமேப் போட்ட சில மாதத்தில், நாலாவது கியரில் மிதித்தால் எஞ்சின் மட்டும் உறுமும், வண்டி போகாது. கிளட்ச் வழுக்கல். வாரண்டி கேட்கவே போகவில்லை, என் காசில் மாற்றினேன்.

சர்வீஸுக்கு விடும் முன் பழைய மேப்பை (கம்பெனி போட்ட மென்பொருளை) ஏற்றிவிட்டால் கண்டுபிடிக்க முடியாது என்கிறார்களே?

இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ரீமேப் விற்கிறவர்கள். பல கார்களின் ஈசியூவில், அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியில், எத்தனை முறை மென்பொருள் எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை பதிவாகும், பழைய மேப்பைத் திரும்ப எழுதுவதும் அதில் இன்னொரு முறைதான். உள்ளே இருக்கும் மேப்புக்குக் கைரேகை மாதிரி ஒரு சரிபார்ப்பு எண் உண்டு, கம்பெனியிடம் இருக்கும் எண்ணோடு பொருந்தாவிட்டால் மாட்டிக்கொள்ளும். ஃபோக்ஸ்வேகன், ஆடி கார்களில் ரீமேப் தெரிந்துவிட்டால் கம்பெனிப் பதிவில் டிடி1 என்ற குறியைப் போட்டுவிடுவார்கள், அப்புறம் எந்த டீலரிடம் போனாலும் திரையில் அது நிற்கும். இதெல்லாம் போகட்டும், செய்துவிட்டுச் செய்யவில்லை என்று சொல்லி இலவசமாக எஞ்சின் வாங்குவதற்குப் பெயர் டியூனிங் இல்லை. அதற்கு நான் வழி சொல்லமாட்டேன்.

ஈசியூவைத் தொடாமல் டியூனிங் பாக்ஸ் மாட்டினால்?

மென்பொருளில் தடயம் இருக்காது, அது உண்மை. பாக்ஸ் சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவில் உட்கார்ந்து, அழுத்தம் இருப்பதைவிடக் குறைவு என்று பொய் சொல்லும், ஈசியூ அதை நம்பி அழுத்தத்தைக் கூட்டும். என் கவலை அங்கேதான். ரீமேப்பிலாவது ஈசியூவுக்கு உண்மையான அளவு தெரியும், பாதுகாப்பு வரம்புகள் அந்த அளவை வைத்து வேலை செய்யும். பாக்ஸில் ஈசியூவின் கண்ணையே கட்டிவிடுகிறீர்கள். ஏதாவது கோளாறு வந்தால் அந்த நேரத்து அளவுகளை ஈசியூ சேமித்து வைக்கும் என்பதையும், பாக்ஸைக் கழற்றினாலும் கனெக்டரில் கீறல் இருக்கும் என்பதையும் மறக்கவேண்டாம்.

ஆக்சிலேட்டர் பெடலில் மாட்டும் கருவி பவரைக் கூட்டுமா?

கூட்டாது. பாதி மிதித்தால் முக்கால் மிதித்ததாகக் காட்டும், அவ்வளவுதான்.

டர்போ இல்லாத கார் என்னுடையது, ரீமேப் செய்யலாமா?

வேண்டாம். டர்போ காரில் பவர் 20–30 சதவீதம் வரை ஏறுவது சகஜம். உங்களுடையதில் பொதுவாக 10 சதவீதம் தாண்டாது. அதற்காக வாரண்டியைப் பணயம் வைப்பதா?

அப்படியானால் வாரண்டி கெடாமல் எதுவுமே செய்ய முடியாதா?

செய்யலாம். முதலில் கார் கம்பெனியே பவர் கிட் விற்கிறதா என்று பாருங்கள். வோல்வோ தன் கார்களுக்கு போல்ஸ்டார் மென்பொருளை வாரண்டியோடு விற்றது, ஃபோர்டு சில மாடல்களுக்கு மவுண்ட்யூன் கிட்டை டீலர் மூலமே பொருத்தித் தந்தது. வெளி ரீமேப் அளவுக்கு ஏறாது, ஆனால் கியர்பாக்ஸ் தாங்கும் அளவைத் தெரிந்தவர்கள் செய்தது. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் எக்ஸாஸ்டை மட்டும் மாற்றுவதில் ஆபத்து குறைவு, பவரும் குறைவு, சத்தம் மட்டும் கிடைக்கும். எண்ணெய் தடவிய ஏர் ஃபில்டர் போடுகிறவர்கள் கவனம், எண்ணெய் அதிகமானால் காற்றளவு சென்சாரில் படிந்து அளவைக் கெடுக்கும். டீசல் காரில் புகை வடிகட்டியைப் பிடுங்கச் சொன்னால் அந்த இடத்தை விட்டுக் கிளம்புங்கள், அது வாரண்டியோடு நிற்காது, சட்டப் பிரச்சினையாகவும் ஆகும்.

ரீமேப் செய்கிறவரே எஞ்சினுக்கு வாரண்டி தருகிறேன் என்கிறார். நம்பலாமா?

எழுதித் தரச் சொல்லுங்கள். டர்போவும் கியர்பாக்ஸும் அதில் உண்டா, அதிகபட்சம் எவ்வளவு தொகை, எஞ்சினை இறக்கி ஏற்றும் கூலி யார் தலையில் என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றாவது கேள்வியில் பலர் பேச்சை மாற்றுவார்கள். அப்படியே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் மாற்றத்தைச் சொல்லிவிடுங்கள், விபத்துக்கு அப்புறம் சொன்னால் கேட்கமாட்டார்கள்.