டீச்சரிடம் கேளுங்கள்: நாடு வரையும் பிள்ளைகள்

போன இதழில், மகள் வழிப் பேரனோடு உட்கார்ந்து கணினியில் வியூக விளையாட்டு ஆடுவதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். பவானியில் 31 வருஷம் வரலாறு நடத்திய டீச்சர் இதையெல்லாம் ஆடுகிறாரா என்று பலருக்கு ஆச்சரியம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: இருக்கிற நாட்டில் ஒரு துண்டைப் பிரித்து, பேர் வைத்து, கொடி வரைந்து, அது தனியாக நின்றால் என்ன ஆகும் என்று கற்பனை செய்வது. எனக்கும் இதில் ஆசை அதிகம். அதனால் இந்த முறை முழுக்க அதுவே.

டீச்சர், என் பையன் பத்தாவது. லீவு விட்டால் ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4 தான். நேற்று எட்டிப் பார்த்தால், ஸ்பெயினிலிருந்து கேட்டலோனியாவைப் பிரித்து வைத்திருக்கிறான். நாட்டை உடைப்பது ஒரு விளையாட்டா? நிறுத்தச் சொல்லட்டுமா?
– ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

நிறுத்த வேண்டாம்மா. பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். "ஏன் சாமி கேட்டலோனியா?" என்று கேளுங்கள். என் பேரனுக்கும் முதலில் பதில் தெரியவில்லை. அந்த ஆட்டம் 1936 ஜனவரி 1-இல் தொடங்குகிறது. அந்த வருஷம் ஜூலையில்தான் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. கேட்டலோனியாவுக்கு 1932-இலேயே தன்னாட்சிச் சட்டம் கிடைத்திருந்தது, 1938-இல், அந்தப் போரில் அரசை எதிர்த்து நின்ற தளபதி பிராங்கோ அதை ரத்து செய்தார். இதையெல்லாம் இரண்டு பேரும் தேடித் தேடிப் படித்தோம். நான் வகுப்பில் இருந்தபோது ஐரோப்பாவை அவ்வளவு ஆர்வமாகக் கேட்ட பிள்ளை ஒன்றுகூட இல்லை.

ஒன்றில் மட்டும் எனக்குக் கவலை உண்டு. திரையில் ஒரு பொத்தானை அழுத்தினால் புது நாடு பிறந்துவிடும். மூட்டை முடிச்சோடு யாரும் நடந்து வருவது தெரியாது. அதனால் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். பேரன் புது எல்லை போட்டால், அன்றைக்கு எந்த ரயில் ஓடாமல் நின்றுபோகும் என்று எனக்குச் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக்கும் கோயமுத்தூருக்கும் நடுவே கோடு போட்ட அன்று, வாளையாறு தாண்டி தினமும் வேலைக்கு வருகிறவர்களை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். நர்ஸ், மளிகைக்கடைப் பையன், கல்லூரி மாணவி என்று எழுதிக்கொண்டே போனான்.

தீரன் சின்னமலை ஜெயித்திருந்தால் கொங்கு தேசம் என்று ஒரு தனி நாடு உருவாகியிருக்கும் என்று கதை எழுதுகிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?
– கல்லூரி மாணவர், சங்ககிரி

கோட்டைக்கு அடியில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள், தம்பி. 1805 ஆடியில் அவரைத் தூக்கிலிட்ட கோட்டை அது. அந்த மலையை நிமிர்ந்து பார்க்கிற எவருக்கும் இந்தக் கேள்வி வரும்.

நான் தொடங்கினால் 1800 ஜூனில் தொடங்குவேன். அதற்கு முந்தைய வருஷம் மே 4-இல் திப்பு விழுந்து, கோயமுத்தூர்ச் சீமை கம்பெனி கைக்குப் போயிருந்தது. கோயமுத்தூர்க் கோட்டையைத் தாக்கப் பாளையக்காரர்கள் கூட்டாகத் திட்டம் போட்டார்கள். விருப்பாட்சி கோபால நாயக்கர் அதில் பெரிய கை. வடக்கே கம்பெனியை எதிர்த்துப் படை திரட்டியிருந்த துந்தியா வாக்கோடும் பேச்சு நடந்தது. திட்டம் பலிக்கவில்லை, பிடிபட்டவர்களைத் தூக்கில் போட்டார்கள். துந்தியா அந்த வருஷம் செப்டம்பரில் ஆர்தர் வெல்லஸ்லியின் படையிடம் போரில் இறந்தார்.

சரி, அன்றைக்குக் கோட்டை விழுந்தது என்று வையுங்கள். இந்த ஒன்றைத் தவிர வேறு எதையும் மாற்றாதீர்கள். மலபார்க் கரையையும் உள்நாட்டையும் சேர்க்கிற பாலக்காட்டுக் கணவாய்க்கு வாசலிலேயே எதிரி உட்கார்ந்துவிட்டதால், கம்பெனி படையைத் திருப்பியே ஆக வேண்டும். துந்தியாவுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். இது வரைக்கும் நம்பலாம்.

அடுத்து நீங்கள் "கொங்கு தேசம்" என்று கொடி ஏற்றினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர்களின் கூட்டணி திண்டுக்கல் மலையிலிருந்து மராட்டிய எல்லை வரை நீண்டது. மைசூர்ப் படையோடு சேர்ந்து நின்றவர் சின்னமலை. ஒரே மொழி, ஒரே எல்லை, ஒரே கொடி என்ற எண்ணம் நமக்குப் பழகியது, அதைக் கொண்டுபோய் அவர் மனதில் வைக்கக் கூடாது. ஜெயித்திருந்தால் பாளையங்களின் கூட்டு ஒன்று வந்திருக்கும், அதன் தலைமைக்கு மைசூர்ப் பக்கத்து இளவரசர் ஒருவரைக்கூடத் தேடியிருப்பார்கள் என்பது என் கணிப்பு. இந்தக் கதையைத்தான் நான் படிக்க ஆசைப்படுகிறேன்.

இன்னொன்று. உங்கள் கதையில் பொல்லான் எங்கே? சின்னமலையோடு நின்ற அருந்ததியர் வீரர் அவர். போரில் அவருக்கு இடம் கொடுத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஜெயித்த பிறகு, பத்தாவது வருஷத்தில், அவருடைய பிள்ளைகளுக்குச் சொந்தக் காடு தோட்டம் இருக்குமா? அந்த அத்தியாயத்தை விட்டுவிடாதீர்கள்.

உலகத்திலேயே அதிகம் கற்பனை செய்யப்பட்ட பிரிந்த நாடு எது?
– வாசகர், நாமக்கல்

எனக்குத் தெரிந்து அமெரிக்காவின் தெற்கு. 1861-இலிருந்து 1865 வரை 11 மாநிலங்கள் தனியாக நின்று தோற்றன. சர்ச்சில்கூட 1930-இல், தெற்கின் தளபதி லீ கெட்டிஸ்பர்க் போரில் ஜெயித்த ஓர் உலகத்திலிருந்து எழுதுவது போல ஒரு கட்டுரை எழுதினார். இந்த வகைக் கதைகள் பலவற்றில் தளபதிகளும் குதிரைகளும் நிறைந்திருக்கும். 1860 மக்கள்தொகைக் கணக்குப்படி அந்த 11 மாநிலங்களில் சுமார் 35 லட்சம் பேர் அடிமைகள். அவர்களை ஓரத்தில் தள்ளிவிட்டு எழுதிய தெற்கை என்னால் முழுதாகப் படிக்க முடிவதில்லை. பொல்லானைப் பற்றி மேலே கேட்டதற்கும் இதுதான் காரணம்.

எந்த விளையாட்டில் தொடங்கலாம்?
– வாசகி, கரூர்

சிவிலைசேஷன் 6. அதன் 2018 விரிவாக்கத்தில் நகரங்களுக்கு விசுவாசம் என்று ஓர் அளவு உண்டு. 100-இல் நின்றது பூஜ்யத்துக்கு இறங்கினால் நகரம் பிரிந்து போய்விடும். 9 கட்டத் தூரத்துக்குள் இருக்கிற அண்டை நகரங்களின் மக்கள்தொகையே அதை இழுக்கும். எளிமையாகப் புரியும். அப்புறம் விக்டோரியா 3-க்குப் போங்கள். அது 1836-இல் தொடங்குகிறது. மக்களைப் பண்பாடு, மதம், தொழில் வாரியாகப் பிரித்துக் காட்டுவதால், வரைபடத்தில் ஒரே நிறமாகத் தெரிகிற நாட்டுக்குள் எத்தனை விதமான ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரியும். எனக்குப் பிடித்தது அதுதான்.

பனியன், பம்ப்செட், மஞ்சள், கோழி என எல்லாம் நம்மிடம் இருக்கின்றன. கற்பனைக்குத்தான் கேட்கிறேன், கொங்கு தனி நாடானால் பொருளாதாரம் தாராளமாக நிற்கும்தானே?
– பின்னலாடை நிறுவன ஊழியர், திருப்பூர்

உங்கள் பெட்டி எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது? தூத்துக்குடி, இல்லாவிட்டால் கொச்சி. இரண்டும் உங்கள் புது நாட்டுக்கு வெளியே. பஞ்சு குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் வருகிறது. உங்கள் கம்பெனி தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிற ஒடிசாப் பெண்ணுக்கு விசா யார் கொடுப்பது?

தெற்கு சூடானைப் பாருங்கள். 2011 ஜூலை 9-இல் பிரிந்தபோது எண்ணெய்க் கிணறுகளில் பெரும்பங்கு அவர்கள் பக்கம் வந்தது. கடலுக்குப் போகிற குழாய் மட்டும் சூடான் வழியே. குழாய்க் கட்டணத்தில் தகராறு முற்றி, 2012 ஜனவரியில் தாங்களே கிணறுகளை மூடினார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் வருமானம் இல்லாமல் கிடந்தார்கள்.

தண்ணீர் இதைவிடக் கடினம். பவானி ஆறு நீலகிரியில் பிறந்து, கேரளத்து அட்டப்பாடிக்குள் புகுந்து, திரும்ப நம் பக்கம் வருகிறது. கோயமுத்தூர் குடிக்கிற சிறுவாணியின் அணை கேரளத்தில். பொள்ளாச்சித் தென்னைக்குப் பாயும் பரம்பிக்குளத்து நீர் 1970 ஒப்பந்தத்தால் வருகிறது. அந்த அணையும் கேரள மண்ணில் இருக்கிறது, பராமரிப்பது தமிழ்நாடு. சிங்கப்பூர் 1965 ஆகஸ்ட் 9-இல் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது, 1962-இல் ஜோகூரோடு போட்ட தண்ணீர் ஒப்பந்தம் கையில் இருந்தது. அது 2061 வரை செல்லும். உங்கள் கதையில் முதல் மந்திரிசபை எந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு பேசப் போகிறது? ராணுவத்தை அப்புறம் எழுதுங்கள், அந்தப் பேச்சுவார்த்தையை முதலில் எழுதுங்கள். படிக்க வருகிறேன்.

இப்படி எழுதினால் பிரிவினை என்று சொல்லிவிட மாட்டார்களா?
– வாசகர், தாராபுரம்

தனி மாநிலம் வேறு, தனி நாடு வேறு. மாநிலம் உண்டாக்க அரசியல் சட்டத்தின் 3-வது பிரிவு வழி சொல்கிறது. தெலங்கானா 2014 ஜூன் 2-இல் அப்படித்தான் வந்தது. தனி நாடு கேட்கும் அரசியலுக்கு 1963-இன் 16-வது திருத்தம் தடை போட்டது, திராவிட நாடு கோரிக்கையும் அந்த நேரத்தில்தான் கைவிடப்பட்டது. நீங்கள் எழுதுவது கதை. கதை என்று தலைப்பிலேயே தெளிவாகப் போடுங்கள், பயப்படாமல் எழுதுங்கள்.

அம்மிச்சி, நான் நோட்டுல கொங்கு நாடு மேப் வரையறேன். எல்லைக்கோடு எங்க போடட்டும்?
– எட்டாம் வகுப்பு மாணவி, அந்தியூர்

கண்ணு, உன் கடிதத்தைத்தான் கடைசிக்கு எடுத்து வைத்தேன்.

பழைய பாட்டு ஒன்று கொங்குக்கு எல்லை சொல்கிறது. வடக்கே பெரும்பாலை, தெற்கே பழனிப் பக்கத்து வைகாவூர், மேற்கே வெள்ளிமலை, கிழக்கே குளித்தலை. நாலு இடத்திலும் புள்ளி வைத்துப் பார். பாட்டில் ஊரும் மலையும்தான் இருக்கும், நடுவே வேலி இருக்காது.

உன் ஊரிலிருந்து பர்கூர் மலை ஏறி இறங்கிப் போனால் கொள்ளேகால் வரும். என் பெரியம்மாவை அங்கேதான் கட்டிக்கொடுத்தார்கள், பட்டு வியாபாரக் குடும்பம். அப்போது அது கோயமுத்தூர் ஜில்லா. 1956 நவம்பர் 1-இல் மைசூருக்குப் போனது. பெரியம்மா வீடு மாறவில்லை, கிணறு மாறவில்லை, கடிதத்தின் முகவரி மட்டும் மாறியது. நான் சின்னப் பெண்ணாகப் போனபோது அக்கா பிள்ளைகள் கன்னடத்தில் பாடம் படித்தார்கள், என்னிடம் தமிழில் கண்ணாமூச்சிக்குக் கூப்பிட்டார்கள். பெரியம்மாவின் தமிழ்க் கடிதத்தை அவர் பேத்தியால் படிக்க முடியாமல் போனது. அதை நினைத்தால் எனக்கு இன்னமும் தொண்டை அடைக்கும். ஆனால் ஆடியில் உங்கள் குருநாதசாமி கோயில் மாட்டுச் சந்தைக்கு அவர்கள் வருவது நிற்கவில்லை. சந்தைக்குக் கர்நாடகத்திலிருந்து வருகிறவர்களை நீயே பார்த்திருப்பாய்.

அதனால் எல்லைக்கோட்டைப் பென்சிலில் போடு. அதற்கு முன்னால் ஆற்றையும் மலைப்பாதையையும் மையில் வரைந்துகொள். எங்கள் பவானியில் தொடங்கி 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து போகும் காலிங்கராயன் வாய்க்காலையும் சேர்த்துக்கொள், 13-ஆம் நூற்றாண்டு வாய்க்கால் அது. வரைந்து முடித்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்பு, கொள்ளேகாலில் இருக்கிற அந்தப் பேத்திக்குக் காட்ட வேண்டும்.