வாசகர் கேள்வி பதில்: கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள்

கேள்வி: கே.பி. சுந்தராம்பாள் சிறுமியாக ரயிலில் பாடிப் பிச்சை எடுத்தபோது யாரோ ஒரு பெரியவர் கண்ணில் பட்டுத்தான் நாடகத்துக்கு வந்தார் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இது நடந்ததா, கட்டுக்கதையா? (கரூர் வாசகர்)

பதில்: அடிப்படை உண்மைதான். காவிரிக்கரையில், ஈரோட்டிலிருந்து கரூர் செல்லும் ரயில் பாதையில் இருக்கும் கொடுமுடியில் 1908ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். தாயார் பாலாம்பாள், வறுமையோடு போராடிப் பிள்ளைகளை வளர்த்தவர். ரயிலில் பாடிய சிறுமியின் குரலைக் கேட்டு வியந்து, நாடகத்துக்கு வழிகாட்டியவர், ரயில்வே அதிகாரியும் நாடகக் கலைஞருமான நடேச ஐயர் என்பதே பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. கரூரில் இருந்த காவல்துறை அதிகாரி ஒருவர் ஆதரித்தார் என்று வேறு சிலர் சொல்வார்கள். யார் கைகொடுத்திருந்தாலும், வேலு நாயரின் நாடகக் குழுவில் சேர்ந்து, நல்லதங்காள் நாடகத்தில் பசியால் வாடும் சிறுவனாக மேடையேறினார் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. பசிக்கிறது என்று அந்தச் சிறுவன் பாடும் பாட்டு கொட்டகையையே அழ வைத்ததாம். பசியை நன்றாக அறிந்த பிள்ளை பாடிய பாட்டல்லவா?

கேள்வி: கிட்டப்பா, சுந்தராம்பாள் ஜோடியை இன்றும் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? ஒலிப்பதிவுகளைக் கேட்டால் இரைச்சல்தான் அதிகமாகக் கேட்கிறது. (மதுரை வாசகி)

பதில்: இரைச்சல் பழைய இசைத்தட்டின் குறை, பாடியவர்களின் குறையன்று. ஒலிபெருக்கி பரவாத அந்தக் காலத்தில், கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் சொல் தெளிவாகப் போய்ச் சேர வேண்டும் என்பதே நாடகப் பாடகரின் முதல் தகுதி. அதற்காகவே அவர்கள் உச்ச சுருதியில் பாடினார்கள். செங்கோட்டையைச் சேர்ந்த எஸ்.ஜி. கிட்டப்பா, ஆண்கள் சாதாரணமாகத் தொட அஞ்சும் சுருதியில் அநாயாசமாகப் பாடியவர். ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து, அன்றிரவு மட்டும் ஒன்றுகூடி நடிப்பார்கள். வள்ளி திருமணத்தில் வேலனும் வள்ளியும் பாட்டாலேயே வாதாடும் தர்க்கக் கட்டம் வரும்போது, எதிராளி எந்த ராகத்தை எடுப்பார், எந்தச் சொல்லால் மடக்குவார் என்பது முன்கூட்டித் தெரியாது. இருவரும் ஒரே சுருதியில் நின்று விட்டுக்கொடுக்காமல் பாடியது போட்டியாகவும் இருந்தது, காதலாகவும் இருந்தது. கூட்டம் விடிய விடிய உட்கார்ந்திருந்ததற்கு அதுவே காரணம்.

1926இல் இலங்கையில் இருவரும் சேர்ந்து நடித்தார்கள், மறு ஆண்டு மணம் செய்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு முன்பே திருமணமாகியிருந்தது. சாதியும் வேறு. இல்லற வாழ்க்கை இசைத்தட்டில் கேட்பதுபோல் இனிமையாக மட்டும் இருக்கவில்லை என்பதற்கு, பின்னாளில் அச்சில் வந்த கடிதங்களே சான்று. பிரிவும் ஏக்கமும் உரிமையோடு கூடிய கோபமும் அவற்றில் உண்டு. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27, சுந்தராம்பாளுக்கு 25. ஜோடியாகப் பேசப்படும் காலம் மொத்தமே ஏழாண்டு. அதற்குப்பின் அவர் தனியாக வாழ்ந்து பாடியது நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு மேல். நம் பத்திரிகைகள் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன.

கேள்வி: கணவர் இறந்தபின் எந்த ஆண் நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி எடுத்தவர், சினிமாவில் எப்படி இத்தனை படங்களில் நடிக்க முடிந்தது? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: வெள்ளைக் கதர்ச் சேலை உடுத்தி, நகைகளைத் துறந்து ஒதுங்கியிருந்தவரைப் படத்தில் நடிக்க அழைத்தவர் ஹசன்தாஸ் என்ற தயாரிப்பாளர். மறுத்துப் பார்த்தும் அவர் விடாததால், ஒரு லட்சம் ரூபாய் கேட்டால் தானாகவே போய்விடுவார் என்று எண்ணிச் சுந்தராம்பாள் அத்தொகையைக் கேட்க, அவர் சரி என்று ஒப்புக்கொண்டுவிட்டார் என்பது நம் திரையுலகின் பழங்கதைகளுள் ஒன்று. பேச்சு எப்படி நடந்திருந்தாலும் 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனா’ருக்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் என்பதே பதிவாகியிருக்கிறது. எந்த வேடம் என்பதுதான் கவனிக்க வேண்டியது. அவர் ஏற்றது நந்தனாராகிய ஆண் வேடம். ஆணாகவே நடிப்பவருக்கு ஆண் ஜோடி எதற்கு? நந்தனாரின் ஆண்டையாகிய வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். படத்தைக் கல்கி கேலி செய்து எழுதினார் என்பதும், படச்சுருள் இன்று கிடைப்பதில்லை என்பதும் வேறு சங்கதி.

1940இல் ‘மணிமேகலை’யில் நடித்தார். அரசகுமாரன் தேடி வந்தும் துறவையே தேர்ந்தெடுக்கும் பெண்ணின் கதை அது. 1953இல் ஜெமினி எஸ்.எஸ். வாசனின் ‘ஔவையார்’. திருமணத்தை விரும்பாத இளம்பெண், பிள்ளையாரை வேண்டி முதுமையைக் கேட்டுப் பெறுகிறாள் என்பது ஔவையின் கதை. இருபத்தைந்து வயதில் வெள்ளை உடுத்தியவர் அவ்வேடத்தைப் போட்டபோது, வேடத்துக்கும் வாழ்க்கைக்கும் இடையே கோடு எங்கே இருந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. பிள்ளையாரை நினைத்து அவர் பாட, யானைகள் திரண்டு வந்து கோட்டைக் கதவை உடைக்கும் காட்சியை அந்தக் காலத்து ரசிகர்கள் இன்றும் சொல்லி மாய்ந்துபோவார்கள். பிறகு ‘பூம்புகா’ரில் கவுந்தியடிகள், ‘திருவிளையாட’லில் மீண்டும் ஔவை, ‘காரைக்கால் அம்மையா’ரில் இறையருளால் உடலழகைத் துறந்த அடியார்.

இவற்றை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புலப்படும். அந்த உறுதி அவரை முடக்கவில்லை. கதாநாயகிக்கு முப்பது வயதானால் அக்கா வேடத்துக்கு அனுப்பிவிடும் தொழிலில், காதல் காட்சியே இல்லாமல் ஐம்பது வயதுக்கு மேலும் ஒரு படத்தைத் தாங்கி நிற்க அவருக்கு வழி செய்தது. கணவனை நினைத்து உருகிய கைம்பெண் என்று மட்டும் அவரைச் சொல்வது அரைகுறையான வரலாறு. எதைப் பாடுவது, யாரோடு நடிப்பது, எவ்வளவு ஊதியம் வாங்குவது என்பதையெல்லாம் தாமே தீர்மானித்த தொழில்முறைக் கலைஞர் அவர். அன்றைய நடிகைகளில் எத்தனை பேருக்கு அது வாய்த்தது?

கேள்வி: ‘பூம்புகார்’ படத்தில் ஒரு பாட்டு வரியைப் பாட மறுத்தாராமே? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: அப்படித்தான் சொல்லப்படுகிறது. 1964இல் வந்த அப்படத்துக்கு வசனம் எழுதியவர் மு. கருணாநிதி. கோவலன் கொலைக்குப் பின் ஒலிக்கும் பாட்டில், நின்று கொல்லும் தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்பதுபோல் ஒரு வரி இருந்ததாகவும், தெய்வத்தை அப்படிக் கேட்டுத் தம் வாயால் பாட முடியாது என்று சுந்தராம்பாள் சொன்னதாகவும், தெய்வம் வந்துவிட்டது என்று பொருள்படும்படி வரி மாறியதாகவும் திரையுலகினர் சொல்வார்கள். நெற்றி நிறையத் திருநீறு பூசியவரும் பகுத்தறிவுக் கொள்கையுடைய எழுத்தாளரும் ஒரே படத்தில் சேர்ந்து வேலை செய்தது இருவருக்குமே பெருமை.

கேள்வி: அவர் அரசியலில் இருந்தாரா? (சேலம் வாசகி)

பதில்: இருந்தார். காங்கிரஸ் மேடைகளில் அவர் பாடினால்தான் கூட்டம் சேரும் என்ற நிலை இருந்தது. ‘காந்தியோ பரம ஏழை சந்நியாசி’ என்ற இசைத்தட்டு ஊர் ஊராகப் போயிற்று. 1951இல் சென்னை மாகாண மேலவை உறுப்பினரானார். இந்தியத் திரைக்கலைஞர்களில் சட்டமன்றத்துக்குள் முதலில் நுழைந்தவர் அவர்தான் என்பார்கள். பின்னாளில் அதே அவைகளைத் திரையுலகம் எப்படி நிறைத்தது என்பது உங்களுக்கே தெரியும்.

கேள்வி: இளைஞனாகிய நான் அவர் பாட்டை எங்கிருந்து தொடங்கிக் கேட்பது? (சென்னை வாசகர்)

பதில்: 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தின் ‘பழம் நீயப்பா’விலிருந்து தொடங்குங்கள். கே.வி. மகாதேவன் இசை. கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனைச் சமாதானப்படுத்தும் பாட்டு. தொடக்கத்தில் தாளம் இல்லாமல், விருத்தம் பாடுவதுபோல் சொல்லை நிறுத்தி நிறுத்தி எடுப்பார். ‘ஞானப்பழம்’ என்ற சொல்லில் ஞகரமும் ழகரமும் எப்படி விழுகின்றன என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஓர் எழுத்துக்கூடத் தேயாது. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது இன்றைய பாடகர்கள் பலர் குரலைச் சன்னமாக்கிக்கொள்வார்கள். அவர் அங்கேதான் குரலை இன்னும் அகலமாகத் திறப்பார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ‘துணைவன்’ படத்தின் ‘ஞானமும் கல்வியும்’ பாட்டைக் கேளுங்கள். சிறந்த பின்னணிப் பாடகிக்கான 1969ஆம் ஆண்டின் தேசிய விருதை அவருக்குத் தந்த படம் அது. மறு ஆண்டு பத்மஸ்ரீயும் வந்தது. இவை பழகியபின் பழைய இசைத்தட்டுகளுக்குப் போங்கள். தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே பதிய முடியும் என்பதால், மேடையில் அரை மணி நேரம் விரிந்த பாட்டை அதற்குள் அடக்கியிருப்பார்கள். முதல் முறை கேட்கும்போது அவசரமாகப் பாடுவதுபோலத் தோன்றுவது அதனால்தான். ஒரே தட்டை மூன்று நான்கு முறை கேட்டுவிட்டு, பிறகு கிட்டப்பாவின் ‘காயாத கானகத்தே’யையும் கேளுங்கள்.