ஈஸ்டரை உங்கள் வீட்டில் எப்படிக் கொண்டாடுவீர்கள்? மறக்க முடியாத குடும்ப நினைவு எது?

கேள்விக்குக் கீழே, "முட்டை, முயல் எல்லாம் வெள்ளைக்காரர் வழக்கம், தமிழ்க் குடும்பங்களுக்கென்று ஏதாவது உண்டா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது. சொந்த ஊரை விட்டு எங்கோ தனிக்குடித்தனம் இருக்கிறீர்கள், பிள்ளைகளுக்கு எதைப் பழக்குவது என்று யோசிக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

நான் ரங்கூன்காரி. யாங்கோன் என்று பேர் மாறி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, எங்கள் வீட்டுப் பேச்சில் மட்டும் இன்னும் ரங்கூன்தான். நாலு தலைமுறையாக இங்கே இருக்கிற கத்தோலிக்கக் குடும்பம். 1964-ல் கடைகள் அரசாங்கத்துக்குப் போன பிறகு சொந்தக்காரர்களில் பாதிப் பேர் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டார்கள். எங்கள் அப்பாயி போகவில்லை. "கோயிலை யாரு பாத்துக்கறது?" என்று கேட்டாராம்.

எங்கள் வீட்டு ஈஸ்டர் வழக்கம் இதுதான்: காலைப் பூசை முடிந்து வந்ததும் வீட்டிலேயே வயதில் மூத்தவரை வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார வைப்போம். ஒரு வெள்ளிச் சொம்பில் தண்ணீர் எடுத்து, பூ போட்டு, "ஊத்தட்டுமா?" என்று கேட்போம். அவர் "ஊத்து" என்று சொன்ன பிறகு தோளில் மெதுவாக ஊற்றுவோம். கேட்காமல் ஊற்றக் கூடாது, அதில் மட்டும் கண்டிப்பு. அப்புறம் மூத்தவர் கையால் சின்னவர்களுக்கு. ஈஸ்டர் மார்ச்சில் வந்தாலும் சரி, ஏப்ரல் கடைசியில் வந்தாலும் சரி, இதை விட்டதில்லை.

இது வேதாகமத்தில் இல்லை, திருச்சபை சொல்லவும் இல்லை. எங்கள் வீட்டில் 1995-ல் தொடங்கியது. எப்படி என்று சொல்கிறேன்.

பர்மாவில் ஏப்ரல் நடுவில் திஞ்சான் வரும். புத்தாண்டுக்கு முந்தைய தண்ணீர்த் திருவிழா. தெருவுக்குத் தெரு பந்தல் போட்டு, குழாய் வைத்துப் போகிறவர் வருகிறவர் எல்லாரையும் நனைப்பார்கள். பழைய வருடத்து அழுக்கைக் கழுவுவதாக ஐதீகம். ஈஸ்டரோ நிலாவைப் பார்த்து நாள் மாறுகிற பண்டிகை, மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் விழும். 1995-ல் ஏப்ரல் 16-ஆம் தேதி விழுந்தது. அப்படியானால் பெரிய வெள்ளி ஏப்ரல் 14. அதாவது திஞ்சான் நடுவில். அதோடு அன்றைக்கே தமிழ்ப் புத்தாண்டும். எதிர்ச் சாரியில் இந்துத் தமிழர் வீட்டில் மாங்காய்ப் பச்சடியும் பாயசமும், தெரு முழுக்கத் தண்ணீரும் பாட்டும், எங்கள் வீட்டில் மட்டும் ஒருசந்தி நோன்பும் துக்கமும்.

எனக்கு அப்போது பதினோரு வயது. தம்பிக்கு எட்டு. திஞ்சானுக்கு வருடம் முழுவதும் காத்திருக்கிற வயசு. அப்பாயி குருத்தோலை ஞாயிறு அன்றே சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமை சேசு செத்த நாளு. சொட்டுத் தண்ணி மேல படக் கூடாது. ஊத்தவும் கூடாது." அப்பாயி பேச்சில் இயேசு கிடையாது, சேசுதான். கறி சாப்பிடாமல் இருப்பதற்குச் சுத்தபோசனம் என்பார். அந்தச் சொற்களை இப்போது கேட்கவே முடிவதில்லை.

மூன்று மணிக்கு வழிபாடு. எங்கள் கோயிலுக்கு நடந்தால் இருபது நிமிடம். அந்த வெயிலில் அப்பாயியால் நடக்க முடியாது என்று அப்பா ஒரு சைக்கா பிடித்தார். சைக்கா தெரியாதவர்களுக்கு: சைக்கிளின் பக்கவாட்டில் இரண்டு இருக்கை, ஒன்று முன்பார்த்து, ஒன்று பின்பார்த்து. முன்னால் அப்பாயி, முதுகோடு முதுகாகப் பின்னால் நான். அம்மாவும் தம்பியும் அப்பாவும் சந்து வழியாக நடந்தார்கள். அப்பாயி வெள்ளைச் சேலை, தலையில் முக்காடு. மடியில் வீட்டுப் பாடுபட்ட சுரூபத்தை, அதாவது சிலுவையில் அறையப்பட்ட சேசுவின் உருவத்தை, ஊதாத் துணியில் சுற்றி வைத்திருந்தார், வழிபாட்டில் எல்லாரும் சிலுவையை முத்தி செய்யும்போது அதையும் பீடத்தடியில் வைத்து எடுத்து வருவது அவர் பழக்கம். சைக்காக்காரர் பர்மாக்காரர், நல்ல மனுஷர். ஒரு பிளாஸ்டிக் விரிப்பை எங்கள் மேல் போட்டு மூடிவிட்டார்.

பெரிய ரோட்டுக்கு வந்ததும் வண்டி நின்றது. நான் பின்னால் பார்த்து உட்கார்ந்திருந்ததால் முன்னால் என்ன என்று தெரியவில்லை. பாட்டுச் சத்தமும் வாளிகள் மோதுகிற சத்தமும் மட்டும் கேட்டது. கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். பத்துப் பதினைந்து பையன்கள், முகமெல்லாம் தனாக்கா என்கிற மரப்பட்டைப் பூச்சு, கையில் வாளி. வழி விடவில்லை. சைக்காக்காரர் பர்மா பாஷையில் ஏதோ சொன்னார், சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அப்பாயி விரிப்பை விலக்கிவிட்டு, மடியிலிருந்த சுரூபத்தின் துணியைக் கொஞ்சம் திறந்து காட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை.

முன்னால் நின்ற பையனுக்கு இருபது வயது இருக்கலாம். பார்த்தான். வாளியைக் கீழே வைத்தான். இன்னொருவன் கையிலிருந்த சின்ன வெள்ளிக் கிண்ணத்தை வாங்கினான், அதில் தண்ணீரும் ஒரு கொத்து படவுக் பூவும் இருந்தன. படவுக் நம் வேங்கை இனத்து மரம். திஞ்சான் சமயத்தில் ஒரு மழை பெய்தால் மறுநாள் மரமே மஞ்சளாகிவிடும். அந்தப் பையன் அப்பாயி முன்னால் குனிந்து, "அப்வா, யே லாங் பாயாசே" என்றான். பாட்டி, தண்ணீர் ஊற்ற அனுமதி கொடுங்கள் என்று அர்த்தம். பெரியவர்களுக்கு அப்படிக் கேட்டுத்தான் ஊற்ற வேண்டும் என்பது பர்மாக்காரர் மரியாதை.

அப்பாயி மாட்டேன் என்று சொல்வார் என்று நினைத்தேன். ஐந்து நாளாக எங்களை மிரட்டி வைத்திருந்தவர் அல்லவா. அவர் முக்காட்டைச் சரி செய்துகொண்டு, வலது தோளை அவன் பக்கம் சாய்த்துக் கொடுத்தார். பூவால் தொட்டுத் தொட்டு நாலு சொட்டு, அப்புறம் கிண்ணத்தில் பாதி. சேலை தோளோடு ஒட்டிக்கொண்டது. பையன் இரண்டு கையையும் கூப்பினான். எல்லாரும் விலகி வழி விட்டார்கள், பாட்டை நிறுத்தியவர்கள் நாங்கள் தாண்டும் வரை போடவே இல்லை.

ஈரத் தோளோடுதான் அன்றைக்கு வழிபாடு முழுக்க நின்றார். அம்மா பார்த்துவிட்டு, "என்னத்தே, நனைஞ்சிருக்கீங்க?" என்று பதறினார். "கேட்டுட்டுல்ல ஊத்தினான்" என்றார் அப்பாயி. அவ்வளவுதான் பதில்.

சனிக்கிழமை இரவு பாஸ்கா திருவிழிப்பு, ஈஸ்டருக்கு முந்தின இரவு வழிபாடு. கோயிலுக்கு வெளியே இருட்டில் புதுத்தீ மூட்டி, சாமி (பாதிரியாரை அப்படித்தான் சொல்வோம்) பாஸ்கா மெழுகுதிரியில் சிலுவையும் அகரமும் னகரமும் 1, 9, 9, 5 என்ற எண்களும் கீறி, ஐந்து சாம்பிராணி மணிகளைக் குத்தினார். பெரிய வியாழனுக்குப் பிறகு மணி அடிக்காமல் மரக்கட்டை மட்டும் தட்டிக்கொண்டிருந்த கோயிலில், வானவர் கீதம் தொடங்கியதும் எல்லா மணியும் ஒரே நேரத்தில் அடித்தன. பிறகு தண்ணீரை மந்திரித்து, ஞானஸ்நான வாக்குறுதிகளைப் புதுப்பித்து, எல்லார் மேலும் தெளித்துக்கொண்டே சாமி வந்தார். இரண்டு நாளாகத் தண்ணீருக்கு ஏங்கிக் கிடந்த தம்பி பெஞ்சு மேல் ஏறி முகத்தை நீட்டினான். சாமி அவனுக்கென்று இன்னொரு தரம் தெளித்தார். அப்பாயி கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

மறுநாள் உயிர்ப்பு ஞாயிறு காலை அப்பா கல்யாணச் சீர்வரிசைச் சொம்பை எடுத்துத் தண்ணீர் பிடித்தார். வாசலில் விழுந்து கிடந்த படவுக் பூவைப் பொறுக்கிப் போட்டு, அப்பாயி முன்னால் போய் நின்று, "ஊத்தட்டுமாம்மா?" என்று கேட்டார். அன்றிலிருந்து இன்று வரை.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பெரிய வெள்ளியில் கோயிலில் கஞ்சியும் துவையலும், ஈஸ்டர் மத்தியானம் தேங்காய்ப்பால் சோறும் கோழிக் குழம்பும். ஆனால் "சனுவின் மக்கின்" என்கிற பர்மா ரவை இனிப்பைச் சொல்லாமல் விட முடியாது. ரவையை வறுத்து, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டுக் கெட்டியாகக் கிளறி, மேலே கசகசா தூவி, கீழே ஒரு அடுப்பு நெருப்பும் மூடி மேல் ஒரு தட்டுக் கரி நெருப்புமாக வைத்துச் சுடுவது. மேல் நெருப்பு அதிகமானால் கசகசா கருகிக் கசக்கும். அம்மா இடுக்கியால் கரியை ஒவ்வொன்றாக எடுத்து நகர்த்திக்கொண்டிருப்பார். இன்றைக்கு மின் அடுப்பில் செய்கிறேன், அந்த மணம் வரவில்லை.

இனி எதிர்ப்புகளுக்கு வருகிறேன், நிச்சயம் யாராவது கேட்பீர்கள். "இது பௌத்த வழக்கம், கிறிஸ்தவர் செய்யலாமா?" என்று எங்கள் உறவிலேயே கேட்டிருக்கிறார்கள். போலந்தில் ஈஸ்டர் திங்கட்கிழமை ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றுகிறார்கள், ஹங்கேரியிலும் உண்டு. அவர்களை யாரும் கத்தோலிக்கர் இல்லை என்று சொல்வதில்லை. எங்கள் தோளில் விழுகிற தண்ணீர் மட்டும் எப்படிப் பாவமாகும்? முட்டையைப் பற்றியும் ஒன்று. எங்கள் வீட்டில் முட்டைக்கு வண்ணம் பூசியதே இல்லை. யாங்கோனில் வண்ண முட்டைகளை நான் அதிகமாகப் பார்த்தது 2021 ஈஸ்டர் அன்று, ஜனங்கள் அவற்றில் வேறு விஷயங்களை எழுதி வைத்திருந்தார்கள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

சொல்லாமல் இருக்க முடியாத இன்னொரு மனக்குறை. இங்கே கிறிஸ்துமஸுக்கு அரசு விடுமுறை உண்டு, தீபாவளிக்கும் உண்டு. பெரிய வெள்ளிக்குக் கிடையாது. 2003-ல் பெரிய வெள்ளி ஏப்ரல் 18, புத்தாண்டு விடுமுறையெல்லாம் முடிந்த மறுநாள். நான் அப்போது ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரே ஒரு நாள் கேட்டதற்கு, "இத்தனை நாள் ஆடினது போதாதா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டு, மூன்று நாள் சம்பளத்தைப் பிடித்தார் முதலாளி. பணம் போனதில் வருத்தமில்லை. திஞ்சானில் நான் ஆடவே இல்லை, தவக்காலம். அதை அவரிடம் எடுத்துச் சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. இருபது வருடம் தாண்டியும் அந்தக் கேள்வி காதில் நிற்கிறது.

சென்னைக்குப் போயிருந்தபோதும் ஒருவர், "பர்மாவுல தமிழ்க் கிறிஸ்தவங்களா!" என்று ஆச்சரியப்பட்டார். ஞாவுன்லேபின் லூர்து மாதா கோயிலுக்குப் பிப்ரவரியில் வந்து பாருங்கள், நாடு முழுவதிலுமிருந்து எல்லா இனத்தாரும் வருகிறார்கள். அந்தப் பக்தியை அங்கே ஊன்றியது தமிழர்கள். எங்கள் பிள்ளைகள் பலர் தமிழ்ப் பாட்டைப் பர்மா எழுத்தில் எழுதி வைத்துத்தான் பாடுகிறார்கள் என்பது உண்மை. என் மகளும் அப்படித்தான் தொடங்கினாள். ஆனால் உச்சரிப்பு சுத்தமாக இருக்கும், கேட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1995-க்குப் பிறகு அதே தேதி 2006-லும் 2017-லும் வந்தது, பதினோரு வருடத்துக்கு ஒரு தரம். ஏப்ரல் 14 பெரிய வெள்ளி, 16 ஈஸ்டர். திஞ்சான் விடுமுறையில் விழுவதால் அந்த வருடங்களில் யாரிடமும் லீவு கேட்க வேண்டியிருக்காது. 2006-ல் அப்பாயி இல்லை, நாற்காலியில் அப்பா உட்கார்ந்தார். 2017-ல் என் மகளுக்கு ஆறு வயது. தெருவில் எல்லாரையும் நனைத்துவிட்டு ஓடுகிற வயசுதான், ஆனால் தாத்தா முன்னால் வந்ததும் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன கேட்க வேண்டும் என்பது மறந்துவிட்டது போல. நாங்கள் யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தமிழும் பர்மாவும் கலந்து, "தாத்தா, யே ஊத்தட்டுமா?" என்றாள். அப்பா தோளைச் சாய்த்துக் கொடுத்தார், அப்பாயி சாய்த்த அதே வலது தோள்.

உங்கள் ஊரில் படவுக் பூ கிடைக்காது. மல்லிகை போதும். தண்ணீரைக் காலையிலேயே பிடித்து வெயிலில் வைத்துவிடுங்கள், வயசானவர்களுக்குச் சில்லென்று இருக்கக் கூடாது.