மணி பழகிவிட்டதா?

*ஐயா, வணக்கம். திருமங்கலம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் மணி என்று ஒரு நாட்டு நாய், மூன்று வயது. வெடிச் சத்தம் கேட்டால் அதற்கு உயிரே போய்விடும். போன வருடம் காளியம்மன் கோயில் பொங்கலுக்கு அதிர்வேட்டு போட்டபோது சங்கிலியை இழுத்து இழுத்துக் கத்தி, கழுத்தெல்லாம் புண். இந்த வருடம் திண்ணைத் தூணில் குட்டையாகக் கட்டிப் போட்டோம். இரண்டு நாளும் சத்தமே இல்லை, சாப்பிடாமல் படுத்தே கிடந்தது. சரி, பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். திருவிழா முடிந்த நாலாம் நாள் சோறு வைக்கப் போன தம்பியைக் கடித்துவிட்டது. கார்டிசால் என்ற ஹார்மோன்தான் காரணம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அதைக் குறைக்க என்ன சாப்பாடு கொடுக்கலாம்? நாட்டு நாய்க்கு மூளையே வேறு மாதிரி என்கிறார்களே, உண்மையா?*

*பாண்டி*

அன்புள்ள பாண்டி,

முதலில் உங்கள் தம்பி. கடித்ததை எழுதியிருக்கிறீர்கள், ஊசி போட்டதாக ஒரு வரி இல்லை. வீட்டு நாய்தானே என்று மஞ்சள் தூளை அப்பிவிட்டு உட்கார்ந்திருந்தால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கடித்த உடனே சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவியிருக்க வேண்டும். ரேபிஸ் முற்றி வெளியே தெரிந்தபின் காப்பாற்ற வழியில்லை. மணி பயத்தில் கடித்ததா நோயில் கடித்ததா என்று கடிதத்தைப் பார்த்து நான் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல முடியாது. குணம் திடீரென்று மாறுவதே ரேபிஸின் அறிகுறியாகவும் இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் சொல்லி, கடித்த நாளிலிருந்து 10 நாள் கண்காணிப்பில் வையுங்கள். அதுவரை ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினால் போதும், கட்ட வேண்டாம்.

சாப்பாடு பற்றிய கேள்வியை விட்டுவிடுவோம். கார்டிசால் விஷம் இல்லை, காலையில் எழுந்து நடமாடுவதற்கே அது வேண்டும். மூளையில் இனத்துக்கு இனம் வித்தியாசம் உண்டுதான். ஆனால் பயம் ஓடுகிற பாதை கோம்பைக்கும் பொமரேனியனுக்கும் ஒன்றே, எலிக்கும் மனிதனுக்கும்கூட ஏறக்குறைய அதுவே.

உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்தது வேறொரு வரிக்காக. "சரி, பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டோம்" என்கிறீர்களே, அதற்காக. இந்தச் சித்திரையில் மதுரை தல்லாகுளத்தில், அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை அன்று ஒரு வீட்டு வாசலில் கட்டிக் கிடந்த நாயைப் பார்த்ததிலிருந்து இதேதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அத்தனை வேட்டுக்கும் அது தலையைத் தூக்கவில்லை. வாயில் எச்சில் ஒழுகியது, தொடை நடுங்கியது. வீட்டுக்காரர் என்னிடம் பெருமையாகச் சொன்னார்: "நம்ம பய எதுக்கும் அசைய மாட்டான்."

வேட்டு வெடித்ததும், அது என்ன சத்தம் என்று நாய்க்கு விளங்குவதற்கு முன்பே செய்தி மூளையில் ஆபத்தை மோப்பம் பிடிக்கிற அமிக்டலாவுக்குப் போய்விடுகிறது. அங்கிருந்து, மூளையில் ஹார்மோன்களுக்கு உத்தரவு போடுகிற ஹைப்போதலாமஸ் வழியாக, சிறுநீரகத்தின் மேல் இருக்கிற அட்ரினல் சுரப்பிக்கு. அட்ரினலின் நொடிகளில் வந்து நெஞ்சைப் படபடக்க வைக்கும். கார்டிசால் சில நிமிடம் கழித்துத்தான் ஏறும், மெதுவாகத்தான் இறங்கும். போதும் என்று அதற்குத் தடை போடுகிற இடங்களில் ஒன்று ஹிப்போகாம்பஸ், மூளையில் நினைவைப் பதிய வைக்கிற பகுதி. உடம்பு இந்த ஏற்பாட்டையெல்லாம் செய்வது ஓடுவதற்கு, இல்லையென்றால் எதிர்த்து நிற்பதற்கு. ஓடத் தயாரான உடம்பை நீங்கள் தூணோடு கட்டிவிட்டீர்கள், பாண்டி. போன வருடத்துப் புண்ணைப் பார்த்த பிறகும் சங்கிலியைக் குட்டையாக்க எப்படி மனசு வந்தது?

பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்த்ர சட்டர்ஜியின் குழு எலிகளைத் தினம் 2 மணி நேரம், 10 நாள் அசையவிடாமல் வைத்துப் பார்த்தது. அசைய முடியாததுதான் அவற்றுக்குக் கொடுத்த கஷ்டம். ஹிப்போகாம்பஸில் நரம்புக் கிளைகள் சுருங்கின. அமிக்டலாவிலோ கிளைகள் வளர்ந்தன. இது 2002இல் வந்தது. 2004இல் அடுத்த முடிவு வந்தது: 21 நாள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் விட்டபின் ஹிப்போகாம்பஸ் தேறிவிட்டது, அமிக்டலாவில் வளர்ந்தது அப்படியே இருந்தது, எலிகளின் பதற்றமும் குறையவில்லை. திருவிழா முடிந்துவிட்டதே, நாலு நாள் ஆகிவிட்டதே என்று நீங்கள் நினைப்பது காலண்டரைப் பார்த்து. பயந்த மூளை அந்தக் கணக்கில் ஆறுவதில்லை.

இன்னொரு பரிசோதனை உண்டு. அதைப் படிக்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1967இல் அமெரிக்காவில் செலிக்மன், மேயர் என்ற இருவர் இரண்டு குழு நாய்களுக்கு ஒரே அளவு மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள். ஒரு குழு தலையால் ஒரு பலகையை அழுத்தி அதை நிறுத்தலாம். மற்றக் குழு எவ்வளவு அழுத்தினாலும் பலன் இல்லை. பிறகு தாண்டித் தப்பிக்கக்கூடிய ஒரு பெட்டியில் விட்டபோது முதல் குழு தாண்டியது. இரண்டாம் குழுவில் பெரும்பாலானவை தாண்டவே முயலாமல் வலியை வாங்கிக்கொண்டு கிடந்தன. 2016இல் அதே இருவர் தங்கள் பழைய விளக்கத்தைத் திருத்தி எழுதினார்கள்: நீண்ட வேதனைக்கு உயிர் இயல்பாகவே முடங்கித்தான் போகிறது. 'என்னால் இதை நிறுத்த முடியும்' என்பதுதான் கற்றுக்கொள்ளப்படுவது. அதைக் கற்ற முன்மூளை, அதாவது நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பகுதி, மூளைத்தண்டில் எழும் அந்த முடக்கத்தை அடக்கி வைக்கிறது. எலிகளின் மூளையில் வருடக்கணக்காகச் செய்த வேலையிலிருந்து வந்த முடிவு இது.

மணி இந்த வருடம் சத்தமில்லாமல் கிடந்ததும் இப்படித்தான் என்று நான் நினைக்கிறேன். பழகிய நாய் வேட்டுக்குக் காதைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி சோற்றில் வாய் வைக்கும். மணி இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

என் சின்ன வயதில் மேலூர்ப் பக்கம் எங்கள் வயலில் அறுப்பு முடிந்ததும் ஆட்டுக் கிடை போடுவார்கள். ராமநாதபுரத்துப் பக்கமிருந்து ஊர் ஊராக ஆடு மேய்க்கிற ஒரு கீதாரி குடும்பம் ஆடுகளை ஓட்டி வரும். அவர்களிடம் ஒரு செவலை நாய். நரிக்குப் பயப்படாது, இடிக்குப் பயப்படும். ஒரு கோடை மழை ராத்திரியில் இடி இடித்ததும் ஆட்டுக்குட்டிகளை அடைக்கும் ஓலைக் கூட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. என் சித்தப்பா, காவல் நாய் குட்டியோடு குட்டியாகக் கிடப்பதா என்று காலைப் பிடித்து இழுக்கப் போனார். கீதாரியின் மனைவி அவர் கையைத் தட்டிவிட்டாள். "அதுவா போச்சுல்ல, அதுவா வரட்டும் தம்பி. நீ இழுத்தா நாளைக்கு உன்னயத்தான் கடிக்கும்." இடி ஓய்ந்ததும் அது தானே வெளியே வந்து கிடையைச் சுற்றத் தொடங்கியது. அந்த நாயைக் கட்டி நான் பார்த்ததே இல்லை. பயம் வந்தால் போக ஓர் இடமும், எப்போது திரும்புவது என்று முடிவு செய்கிற உரிமையும் அதற்கு இருந்தன. முன்மூளை பற்றி மேலே இவ்வளவு எழுதினேனே, அதற்கு வேண்டியதெல்லாம் இதுதான்.

ஊசி, கண்காணிப்பு எல்லாம் முடிந்தபின் மணிக்கு வீட்டின் உள்ளறை ஒன்றில் ஒரு மூலையைக் கொடுங்கள். கதவு திறந்தே இருக்கட்டும். பழைய சாக்கோ போர்வையோ போதும். அது உங்களிடம் ஒட்டிக்கொண்டால் தடவிக் கொடுங்கள், செல்லம் கொடுத்தால் பயம் கூடும் என்பது பொய். ஒளிந்துகொண்டால் கையை உள்ளே விடாதீர்கள். வெடிச் சத்தத்தைப் பதிவு செய்து பழக்கலாம், ஆனால் அது காதை நிமிர்த்தாத அளவு மெல்லிசாக, கறித்துண்டு கொடுத்துக்கொண்டே, வாரக்கணக்கில். அடுத்த பொங்கலுக்கு முன்பே மருத்துவரிடம் போய், வெடிக்கு முன்னால் கொடுக்கிற பயம் குறைக்கும் மருந்தைப் பற்றிக் கேளுங்கள். மாத்திரை கொடுத்தால் நாய் மந்தமாகிவிடும், காவலுக்கு ஆகாது என்று ஊரில் நாலு பேர் சொல்வார்கள். நீங்கள் மருத்துவர் சொன்ன அளவைக் கொடுங்கள்.

அன்புடன்.