ஆன்போர்டிங் வேலை – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஒரு மென்பொருள் நிறுவனத்தில் கஸ்டமர் ஆன்போர்டிங் பிரிவில் இருக்கிறேன். சேல்ஸ் டீம் வாடிக்கையாளரைப் பிடித்துக் கொடுத்ததும் அவர்களுக்கு அக்கவுன்ட் திறந்து, பழைய தகவல்களை ஏற்றி, சொல்லிக்கொடுத்து, சப்போர்ட் டீமிடம் ஒப்படைப்பது வரை என் பொறுப்பு. தினமும் அதே திரைகள், அதே விளக்கம். கூடப் படித்தவர்கள் டெவலப்பர்களாக மென்பொருள் கோடு எழுதுகிறார்கள். இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லி சேல்ஸ் டீம் விற்றுவிட்டால் அந்தக் கோபமும் என் தலையில்தான் விடிகிறது. நீங்களும் இதே வேலையில் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். இதிலேயே இருக்கலாமா, டெவலப்பராக மாற முயலட்டுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

“அதே திரைகள், அதே விளக்கம்” என்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்குகிறேன். திரைகள் உங்களுக்குத்தான் பழசு. எதிரே இருப்பவருக்கு அன்றைக்குத்தான் வேலை செய்யும் முறையே மாறுகிறது. பெரும்பாலும் அவர் கேட்டு வந்த மாற்றமும் இல்லை. டெமோ பார்த்து வாங்கியவர் மேலாளர். தினமும் அதன் முன்னால் உட்காரப் போகிறவர் வேறொருவர். ஆன்போர்டிங் அந்த இரண்டாமவருக்காகச் செய்யும் வேலை என்றே நான் எப்போதும் நினைத்திருக்கிறேன்.

அவரை அறிந்துகொள்ள நல்ல இடம் அவர் அனுப்பும் எக்செல் கோப்பு. கணக்குப் பார்க்கும் பெண்மணி ஒருவர் எனக்கு அனுப்பிய கோப்பில் சில வரிகள் மட்டும் மஞ்சளாக இருந்தன. மென்பொருளில் ஏற்றுவதற்காக அதைச் சிஎஸ்வி என்ற எளிய கோப்பு வடிவத்துக்கு மாற்றினால் நிறம் போய்விடும். எழுத்தும் எண்ணும்தான் தங்கும். இம்போர்ட் ஒரு பிழையும் காட்டாமல் முடிந்திருக்கும். மஞ்சள் எதற்கு என்று கேட்டேன். “அவங்களுக்கெல்லாம் போன் பண்ணிட்டுத்தான் பில் அனுப்பணும்” என்றார். பச்சைக்கு வேறு அர்த்தம். அந்த அலுவலகம் பல வருஷமாக ஓடியதே இந்த நிறங்களை வைத்துத்தான், அவை அவருக்கு மட்டும்தான் தெரியும். மென்பொருளில் தனியாக ஒரு ஃபீல்டு, அதாவது தகவல் எழுதும் கட்டம், சேர்த்து, நிறங்களைச் சொற்களாக எழுதி ஏற்றினோம். அதுவரை கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர், அப்புறம் அவராகவே சந்தேகம் கேட்க ஆரம்பித்தார்.

இந்த வேலையில் பெரிய ஆபத்தே இப்படிச் சத்தமில்லாமல் தொலைவதுதான். சிஎஸ்வியை எக்செலில் திறந்த மாத்திரத்தில் அடையாள எண்களின் முன்னால் இருக்கும் பூஜ்யங்கள் காணாமல் போகும். 15 இலக்கத்துக்கு மேல் நீளும் எண்ணில் மீதி இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும். 03/04 மார்ச்சா ஏப்ரலா என்பதைக் கோப்பு சொல்லாது, ஆளைத்தான் கேட்க வேண்டும். எக்செல் சில மரபணுப் பெயர்களைத் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு அந்தப் பெயர்களையே மாற்ற வேண்டிவந்தது. அதற்கான விதிமுறையை 2020-இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு இங்கிலாந்தில் 16,000-க்குச் சற்றுக் குறைவான கொரோனா பாதிப்புகள் சில நாட்கள் கணக்கில் ஏறவில்லை. எக்செலின் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவக் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை என்பதுதான் காரணம். தகவல் ஏற்றுவது சின்ன வேலை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பயிற்சிக்கு வருகிறேன். நீங்கள் செய்து காட்டும்போது அவருக்கு எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். ஸ்கிரீன் ஷேரை அவரிடம் கொடுத்துவிட்டு, நாளைக் காலை வந்ததும் அவர் செய்ய வேண்டிய முதல் வேலை எதுவோ அதைச் செய்யச் சொல்லுங்கள். அவர் தேடும்போது வாயைத் திறக்காமல் இருப்பது கஷ்டம். இருந்துதான் ஆக வேண்டும். மவுஸ் எங்கே போய்த் தயங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு நிறுவனங்களின் ஆட்கள் ஒரே பொத்தானில் தடுமாறினால் குறை திரையில்தான் இருக்கிறது. அந்தக் குறிப்பை டெவலப்பர்களிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். உங்கள் நண்பர்கள் எழுதும் கோடு யாரிடம் போய்ச் சிக்குகிறது என்பதை நேரில் பார்ப்பவர் நீங்கள்தான்.

வாடிக்கையாளர் புது மென்பொருளில் நிஜ வேலையைத் தொடங்கும் கோ-லைவ் தேதியோடு கணக்கை மூடிவிட்டு, மாதத்துக்கு எத்தனை முடித்தாய் என்று மட்டும் கேட்கும் நிர்வாகங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. சந்தா முறையில் வாங்குகிறவர், பழக்கத்துக்கு வராத மென்பொருளை எதற்குப் புதுப்பிக்கப் போகிறார்? பழைய எக்செலை உடனே தூக்கிப் போடச் சொல்லி யாரையும் நெருக்காதீர்கள். முதல் மாதக் கணக்கு இரண்டிலும் ஒத்துப்போகட்டும், அவர்களே விட்டுவிடுவார்கள்.

இல்லாத வசதியை விற்கும் சேல்ஸ் விஷயம். முதல் கூட்டத்திலேயே “இதில் என்னென்ன இருக்கும் என்று உங்களிடம் சொன்னார்கள்?” என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இல்லாததை அன்றைக்கே இல்லை என்று சொல்லிவிடுங்கள், மாற்று வழி இருந்தால் அதையும். பூசி மெழுகினால் கோ-லைவுக்கு முந்தின நாள் வெடிக்கும். அந்தப் பட்டியல் சேல்ஸுக்கும் உங்கள் மேலாளருக்கும் மெயிலில் போகட்டும்.

சரி, டெவலப்பர் ஆவது. தகவல் தளத்தில் தேட உதவும் எஸ்கியூஎல்லும், நிரல் எழுதக் கொஞ்சம் பைத்தானும் படியுங்கள், எப்படியும் தேவைப்படும். அடுத்து வரும் கோப்பில் இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடிக்க நீங்களே ஒரு சின்ன நிரல் எழுதிப் பாருங்கள். அதில் நேரம் போவதே தெரியவில்லை என்றால் தாராளமாக அந்தப் பக்கம் முயலுங்கள். நிரலை முடித்ததும் கோப்பை அனுப்பியவரிடம் பேசத்தான் மனம் போகிறது என்றால், இந்த வேலையிலேயே இருங்கள்.