பள்ளியில் மல்யுத்தம் செய்யும் மகனுக்கு அமெரிக்கக் கல்லூரியில் முழு ஸ்காலர்ஷிப் கிடைக்குமா? ரெக்ரூட்டிங் கம்பெனிக்குப் பணம் கட்டலாமா?

கம்பெனிக்காரர் ஏற்கெனவே போன் செய்துவிட்டார் போலிருக்கிறது. எங்களுக்கும் செய்தார்கள். "பையனுக்கு நல்ல திறமை, கோச்சுகளிடம் நாங்கள் கொண்டு சேர்க்கிறோம்" என்று ஆயிரக்கணக்கில் டாலர் கேட்டார்கள். என் மனைவி போனை வாங்கி, "போன வருஷம் உங்கள் மூலமாகச் சேர்ந்த ஒரு பையனின் அப்பா நம்பர் கொடுங்கள், பேசிக்கொள்கிறோம்" என்றாள். அனுப்புகிறோம் என்றார்கள். அத்தோடு சரி.

முழு ஸ்காலர்ஷிப் கணக்குக்கு வருகிறேன். கல்லூரி விளையாட்டின் மேல்தட்டான டிவிஷன் 1இல், ரெஸ்லிங்குக்கு (மல்யுத்தம்) பல வருஷங்களாக ஒரு டீமுக்கு மொத்தமே 9.9 முழு ஸ்காலர்ஷிப்புக்கான பணம்தான். போட்டியில் இறங்குவது 125 பவுண்டு முதல் 285 வரை பத்துப் பேர் என்றாலும், பயிற்சி அறையில் முப்பது பேராவது இருப்பார்கள். முப்பது இலை போட்ட பந்தியில் பத்துப் பேருக்கான பாயசம். கோச் ஒருவனுக்குப் பாதி, இன்னொருவனுக்குக் கால், மற்றவனுக்குப் புத்தகச் செலவு என்று பிரித்துக் கொடுப்பார். கல்லூரி விளையாட்டு வீரர்கள் தங்களுக்குப் பணம் கேட்டுப் போட்ட ஹவுஸ் வழக்கில் 2025இல் வந்த சமரசத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு கிடையாது; டீமில் 30 பேருக்கு மேல் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். முப்பது பேருக்கும் முழுசாகவே கொடுக்கலாம். கொடுக்கப் பணம் வேண்டுமே! ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகளிலும், கீழ்த்தட்டான டிவிஷன் 3இலும் விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூடக் கிடையாது.

நாங்கள் இருப்பது பென்சில்வேனியா. இங்கே மல்யுத்தம் ஒரு மதம் மாதிரி. என் மகன் ஹெர்ஷியில் நடக்கும் மாநிலப் போட்டி வரை போனான், மெடல் இல்லை. ஒரு டிவிஷன் 1 கோச், "வரட்டும், இடம் உண்டு, பணம் கிடையாது" என்றார். கடைசியில் அவனை எடுத்தது ஒரு டிவிஷன் 3 கல்லூரி. அந்த கோச் மேட்ச் வீடியோவுக்கு முன்பே மார்க் ஷீட்டைத்தான் கேட்டார். வருஷச் செலவு 80,000 டாலரைத் தாண்டும் இடம் அது. படிப்புக்கான மெரிட் ஸ்காலர்ஷிப்பிலேயே பாதிக்கு மேல் கழிந்தது. அந்தக் கடிதத்தைத் தேடிப் பார்த்தேன், 'ரெஸ்லிங்' என்ற சொல்லே இல்லை. இருக்கவும் கூடாது, விதி அப்படி.

"எனக்குத் தெரிந்த பையனுக்கு ஃபுல் ரைடு, முழு ஸ்காலர்ஷிப்பே கிடைத்ததே" என்று கீழே யாராவது எழுதுவீர்கள். கிடைத்திருக்கும், மறுக்கவில்லை. ஐயோவா, பென் ஸ்டேட், ஓக்லஹோமா ஸ்டேட் மாதிரி மல்யுத்தத்துக்குப் பேர்போன கல்லூரிகளே தேடி வருகிற பையன்கள் உண்டு. ஜூலையில் ஃபார்கோ நகரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடக்கும் தேசியப் போட்டியில் இடம்பிடிக்கிறவன் அப்பா இங்கே வந்து கேள்வி கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் பட்டமளிப்புப் பாராட்டு வைத்தார்கள். ஸ்பெல்லிங் பீ பிள்ளைக்குச் சால்வை, அரங்கேற்றம் செய்த பெண்ணுக்குச் சால்வை. என் மகனைப் பற்றி, "விளையாட்டிலும் ஆர்வமுள்ளவர்" என்று ஒரு வரி. அப்புறம் சாப்பாட்டு வரிசையில் ஒரு மாமா, "டபிள்யூ.டபிள்யூ.இ. மாதிரியா தம்பி?" என்றார். மல்யுத்த விரிப்பில் உரசி உரசி வீங்கிக் கெட்டியான அவன் காதைப் பார்த்து மாமி, "இதை டாக்டர்கிட்ட காட்டலையா?" என்றார். வாரம் முழுக்க எடைக்காகச் சோற்றை அளந்து தின்ற பிள்ளை, சிரித்துக்கொண்டே நின்றான். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

சரி, உங்கள் விஷயம். பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15 முதல் டிவிஷன் 1 கோச்சுகள் பையனிடம் நேரடியாகப் பேசலாம். அதற்கு முன்பே மார்க் ஷீட்டும், தோற்ற ஆட்டம் ஒன்றையும் சேர்த்து வீடியோவும் அவனே மெயில் அனுப்பட்டும். கம்பெனி அனுப்புவதும் மெயில்தான். உதவித்தொகை போக நீங்கள் கட்ட வேண்டியது சுமாராக எவ்வளவு என்று காட்டும் நெட் ப்ரைஸ் கால்குலேட்டர் ஒவ்வொரு கல்லூரித் தளத்திலும் இருக்கும், உங்கள் வருமானத்தைப் போட்டுப் பாருங்கள். நீங்கள் எச்-1பி வேலை விசாவிலும் பையன் அதன் குடும்ப விசாவான எச்-4இலும் இருந்தால் ஃபாஃப்சா என்ற விண்ணப்பம் வழியாக வரும் அமெரிக்க மத்திய அரசு உதவி அவனுக்குக் கிடையாது. கல்லூரி தன் கையிலிருந்து எவ்வளவு தரும் என்பதை முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள்.